அறிந்தும் மௌனம் காத்தவன்



2025 ஜூலை மாதம், நியூஜெர்ஸியில் வசிக்கும் என் தம்பியின் அழைப்பின் பேரில் நானும் என் மனைவியும் அமெரிக்காவுக்குச் சென்றோம். நான்கு வாரப் பயணத்தில் நியூயார்க், வாஷிங்டன், டியர்பார்ன், சிகாகோ எனப் பல ஊர்களைக் காணும் வாய்ப்பை அல்லாஹ் தந்தான். ஊர் திரும்பியதும் மதரஸாவிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் பலரும் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஹஜ்ரத், நீங்கள் பேஸ்பால் பார்க்கப் போனீர்களாமே?" சிலர் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். சிலருடைய குரலில் கவலை இருந்தது. ஓர் ஆசிரியர் விளையாட்டு அரங்கில் போய் அமரலாமா என்ற கவலை அது.

அந்தக் கேள்விக்குரிய பதிலே இந்தக் கட்டுரை. ஆனால் நான் சொல்ல வந்தது பேஸ்பாலைப் பற்றி மட்டுமன்று. அந்த அரங்கில் நான் கண்ட ஒரு காட்சி, ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த ஒரு பிழையை என் முன்னே கொண்டுவந்து நிறுத்தியது. அதைச் சொல்லாமல் இந்தப் பயணத்தைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

சிகாகோவில் என் சாச்சாவின் மகள் குடும்பத்தோடு வசிக்கிறார். எனக்குத் தங்கை முறை. அவர்கள் வீட்டில் மூன்று நாள்கள் மட்டுமே தங்கினோம். இரண்டாம் நாள் சனிக்கிழமை. தங்கையின் மூத்த மகன், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவன், இருபது வயது. "மாமா, இந்த நாட்டைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் ஒரு முறையாவது பேஸ்பால் பார்க்க வேண்டும்" என்று சொல்லி, தன் சேமிப்பிலிருந்தே எனக்கும் சீட்டு வாங்கி வைத்திருந்தான். அன்போடு அழைக்கும் மருமகனிடம் மறுப்புச் சொல்ல மனம் வரவில்லை.

முறையான விளையாட்டைக் காண்பதில் மார்க்கம் தடை விதிக்கவில்லை. அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு ஆடியபோது, அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அதைக் கண்டு மகிழ நபி (ஸல்) அவர்கள் தாமே துணை நின்றார்கள் என்பதை நாம் அறிவோம். ஆனால் விளையாட்டைச் சுற்றி என்ன நடக்கிறது என்பது வேறு கேள்வி. அந்த அரங்கில் மதுபானம் விற்பவர்கள் படிக்கட்டுகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அது எனக்கு உறுத்தலாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. மேல்தளத்தில், கூட்டம் குறைந்த ஓர் ஓரத்தில் இடம் பார்த்து அமர்ந்தோம்.

அரங்குக்குப் போகும் முன் இன்னொரு இடத்துக்குச் சென்றோம். அதற்குச் சற்று வடக்கே கிரேஸ்லேண்ட் என்னும் பழைய அடக்கத்தலம் உள்ளது. அங்கேதான் ஃபஸ்லுர் ரஹ்மான் கான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். டாக்காவில் 1929இல் பிறந்த பொறியாளர். சிகாகோவின் 110 மாடி சியர்ஸ் கோபுரத்தின் கட்டமைப்பை வகுத்தவர். ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் உலகிலேயே உயரமான கட்டடம் அது. ஜித்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையத்தில், கூடாரங்களை விரித்தாற்போன்ற அந்தக் கூரைக்கும் பொறியியல் வகுத்தவர் அவரே. ஹாஜிகளுக்கு நிழல் தந்தவருக்காக துஆச் செய்துவிட்டுப் புறப்பட்டோம்.

மிச்சிகன் ஏரிக்கரைப் பூங்காவுக்கு வந்தபோது லுஹர் நேரம் ஆகியிருந்தது. நான் பயணி, லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழ நின்றேன். மருமகன் என் பின்னால் லுஹருக்கு நின்றான். நான் இரண்டு ரக்அத்தில் ஸலாம் கொடுத்ததும், உள்ளூர்வாசியான அவன் எழுந்து மீதி இரண்டையும் தொழுது நிறைவு செய்தான். யாரும் நினைவூட்டத் தேவையிருக்கவில்லை. அந்நிய நாட்டில் வளர்ந்தும் இவ்வளவு பேணுதலோடு இருக்கிறானே என்று என் உள்ளம் குளிர்ந்தது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரிக்லி ஃபீல்ட் என்னும் அந்த அரங்கு 1914இல் கட்டப்பட்டது. சிகாகோ கப்ஸ் அணி 1916 முதல் அங்கேதான் ஆடுகிறது. மைதானத்தின் பின்சுவர் முழுவதும் பசுங்கொடி படர்ந்திருக்கும். 1937இல் அமைத்த பெரிய பச்சை நிறப் பலகையில் இன்றும் மனிதர்களே உள்ளே நின்று எண் தகடுகளை மாற்றுகிறார்கள். இரவு ஆட்டத்துக்கான விளக்குகளைக்கூட 1988இல்தான் பொருத்தினார்கள். 1908இல் உலகத் தொடரை வென்ற அந்த அணி மறுபடியும் வெல்ல 108 ஆண்டுகள் ஆயின; 2016இல்தான் வென்றது. தோற்றாலும் தலைமுறை தலைமுறையாக வந்து அமர்ந்த மக்களைக் கேள்விப்பட்டபோது வியப்பாக இருந்தது.

கிரிக்கெட்டை அறிந்த நமக்கு இந்த ஆட்டம் முற்றிலும் அந்நியமானதன்று. ஒருவர் எறிகிறார், ஒருவர் மட்டையால் அடிக்கிறார். ஓர் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் மூவர் வெளியேறினால் மறு அணியின் முறை. கால்பந்து போல இத்தனை நிமிடம் என்ற கணக்கு கிடையாது. ஆனால் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையே நிறைய அமைதி உண்டு. ஆட்டம் மிக நீள்கிறதென்று 2023 முதல் பந்தெறிபவருக்குக் கடிகாரம் வைத்துவிட்டார்கள்: ஓடுகளத்தில் எவரும் இல்லையென்றால் 15 வினாடி, இருந்தால் சற்றுக் கூடுதல். அந்தச் சில வினாடிகளில் தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்கிறார்கள். பிள்ளைகள் வேர்க்கடலை உரிக்கிறார்கள். என் பக்கத்தில் அமர்ந்திருந்த முதியவர் மடியில் ஓர் அட்டையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பந்தையும் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார். எழுபது வயதைக் கடந்தவர். சிறுவயதில் தம் தந்தை கற்றுத்தந்த பழக்கம் என்றார்.

எனக்கு அந்த விளையாட்டுப் பிடித்துப்போனது. குடும்பங்கள் கூடும் இடமாக அது இருந்தது.

ஐந்தாவது இன்னிங்ஸ் நடந்துகொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். பந்துகளுக்கு இடையிலான அந்த அமைதியில் மருமகன் மைதானத்தைப் பார்க்கவில்லை, கைப்பேசியைப் பார்த்தான். ஒவ்வொரு பந்துக்கும் முன்பு விரல் ஒருமுறை திரையைத் தொட்டது. பந்து வீசப்பட்டதும் அவன் முகம் மாறியது. சொந்த அணி நன்றாக ஆடியபோதும் சில வேளைகளில் அவன் முகம் வாடியது. அதுதான் எனக்குப் புதிராக இருந்தது. எட்டிப் பார்த்தேன். அடுத்த பந்து எப்படி இருக்கும் என்று டாலரில் பந்தயம் கட்டும் செயலி அது.

நான் ஒன்றும் பேசவில்லை. அவனும் நான் பார்த்ததை உணர்ந்தான். கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். சற்றுமுன் என் பின்னால் நின்று தொழுத அதே பிள்ளை.

நாங்கள் பேசிக்கொள்ளாமல் இருந்ததைக் கண்ட பக்கத்து முதியவர் காரணத்தை ஊகித்திருக்க வேண்டும். அரங்கின் வெளிச்சுவரை ஒட்டியே பந்தய நிறுவனம் ஒன்றின் கட்டடம் நிற்கிறது. அதன் பக்கம் கையைக் காட்டி, "எங்கள் ஊருக்கு இது எவ்வளவு பெரிய அவமானத்தைத் தந்தது என்பதை மறந்துவிட்டார்கள்" என்று சொல்லி, ஒரு பழைய கதையைத் தொடங்கினார். வீடு திரும்பிய பின் நானும் அதைத் தேடிப் படித்தேன்.

சிகாகோவில் இரண்டு அணிகள் உண்டு. மற்றொன்று வொயிட் சாக்ஸ். 1919ஆம் ஆண்டு உலகத் தொடரில் அந்த அணி சின்சினாட்டி ரெட்ஸ் அணியிடம் தோற்றது. வல்லமை மிக்க அணி தோற்றதன் காரணம் மறு ஆண்டு வெளியானது: சூதாடிகளிடம் பணம் பெற்றுக்கொண்டு சில வீரர்கள் வேண்டுமென்றே தோற்றிருந்தார்கள். எட்டு வீரர்கள் மீது வழக்கு நடந்தது. 1921 ஆகஸ்டில் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. ஆயினும் பேஸ்பாலின் தலைமை ஆணையராகப் புதிதாகப் பொறுப்பேற்றிருந்த நீதிபதி கெனசா மவுண்டன் லேண்டிஸ் மறுநாளே அந்த எட்டுப் பேரையும் வாழ்நாள் முழுவதும் விலக்கிவைத்தார்.

அந்த எட்டுப் பேரில் ஒருவர் பக் வீவர். அவர் பணம் வாங்கவில்லை. தொடர் முழுவதும் உண்மையாகவே ஆடினார், நன்றாகவும் ஆடினார். அவர் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான்: சதி பேசப்பட்ட இடத்தில் இருந்தார், அதை அறிந்திருந்தார், எவரிடமும் சொல்லவில்லை. நண்பர்களைக் காட்டிக்கொடுக்க மனம் ஒப்பவில்லை போலும். பெயரை மீட்டுக்கொள்ளப் பலமுறை முறையிட்டும் பயனில்லாமல் 1956இல் சிகாகோவின் ஒரு தெருவில் நடந்துகொண்டிருக்கும்போதே அவர் இறந்தார். அவர் மீதான தடையை நீக்கியது எப்போது தெரியுமா? 2025 மே மாதம். நான் அந்த அரங்கில் அமர்ந்திருந்ததற்கு இரண்டே மாதங்களுக்கு முன். இறந்துபோனவர்களுக்கு இனித் தடை பொருந்தாது என்று இன்றைய ஆணையர் முடிவு செய்தபோது, பீட் ரோஸ் முதலிய பதினேழு பேரில் ஒருவராக வீவரும் விடுவிக்கப்பட்டார். 104 ஆண்டுகள் ஆகியிருந்தன.

முதியவர் இதைச் சொல்லி முடித்தபோது என் நெஞ்சில் வேறொரு முகம் வந்து நின்றது.

ஆறு ஆண்டுகளுக்கு முன், என்னிடம் ஓதிய ஒரு மாணவன் ஒருநாள் மஃக்ரிபுக்குப் பிறகு என்னைத் தேடி வந்தான். பெயரும் ஊரும் வேண்டாம். கைப்பேசிக் கடையில் வேலை செய்த, பொறுப்பான பிள்ளை. கைப்பேசியில் கிரிக்கெட் அணி அமைத்துப் பணம் கட்டும் போட்டியில் முதலில் ஐம்பது ரூபாயில் தொடங்கியிருக்கிறான். பிறகு ரம்மி. சகோதரியின் நிக்காஹ்வுக்காக வீட்டில் சேர்த்துவைத்த பணத்தில் ஒரு பகுதி போய்விட்டது. அழுதான். தவ்பாச் செய்வதாகச் சொன்னான். "வாப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் ஹஜ்ரத்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

நான் அறிவுரை சொன்னேன். நோன்பு வைக்கச் சொன்னேன். துஆக்களைக் கற்றுத்தந்தேன். அத்தோடு மௌனமாகிவிட்டேன். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை மறுமையில் அல்லாஹ் மறைப்பான் என்னும் கருத்துடைய நபிமொழியை எண்ணி, நான் நல்லதையே செய்வதாக நம்பினேன். எட்டு மாதங்கள் கழித்து, அந்தச் சகோதரியின் நகைகளும் அடகுக்கடையில் இருப்பது தெரிந்தது. திருமணம் தள்ளிப்போனது. பையன் ஊரைவிட்டே போய்விட்டான். அவனுடைய தந்தை என்னைத் தேடி வந்தார். சத்தம் போடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்களுக்கு முன்பே தெரியுமா ஹஜ்ரத்?"

அந்தக் கேள்விக்கு நான் இன்றுவரை சரியான பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையே அதற்கான பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆம், எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

சகோதரர்களே, பிறர் குறையை மறைப்பது உயர்ந்த பண்பு. அதில் ஐயமில்லை. ஆனால் எந்தக் குறையை? கடந்துபோன, ஒருவர் விட்டுவிட்ட, பிறருக்குத் தீங்கு தராத குறையை. இன்னும் எரிந்துகொண்டிருக்கும் நெருப்பின் மீது துணியைப் போர்த்துவது மறைத்தல் ஆகாது. அந்தப் பணம் அந்தப் பையனுடையது அன்று, அவன் சகோதரிக்குரியது. இன்னொருவரின் உரிமை கரைந்துகொண்டிருக்கும்போது நான் காத்த மௌனம், அவனுக்கு உதவியது அன்று, சூதாட்டத்துக்கு உதவியது. அநீதி இழைக்கும் சகோதரனுக்கும் உதவி செய்ய வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது தோழர்கள் வியந்தார்கள். அவனை அநீதியிலிருந்து தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று அதற்கு விளக்கம் கிடைத்தது. இந்த நபிமொழியை நான் எத்தனையோ முறை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். தேவைப்பட்ட அன்று அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

ஆகவே சிகாகோவில் அதே பிழையை மறுபடியும் செய்யக்கூடாது என்று முடிவு செய்தேன். ஆட்டம் முடிந்தது. கப்ஸ் வென்றதால் நீல எழுத்துப் பொறித்த வெள்ளைக்கொடி பலகையின் மேல் ஏறியது. எல்லோரும் பாடினார்கள். நாங்கள் இருவரும் பேசாமல் ரயில் நிலையத்துக்கு நடந்தோம். ரயிலில் அவனே பேச்சைத் தொடங்கினான்.

"மாமா, நான் பெரிதாக ஒன்றும் கட்டவில்லை."

"எவ்வளவு போயிருக்கிறது?"

நீண்ட நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆயிரத்து நானூறு டாலர். அதில் அறுநூறு கிரெடிட் கார்டுக் கடன்."

இல்லினாய் மாநிலத்தில் 21 வயது நிரம்பாதவர்கள் பந்தயம் கட்டச் சட்டம் அனுமதிப்பதில்லை. நண்பனின் கணக்கைக்கொண்டு கட்டியிருக்கிறான். பந்தயம் கட்டிய பிறகு ஆட்டத்தை ரசிக்கவே முடியவில்லை என்றும் அவனே சொன்னான். பிறகு அதே சொற்கள் வந்தன. "வாப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், மாமா."

"நான் சொல்ல மாட்டேன்" என்றேன். அவன் முகம் தெளிந்தது. "நீயே சொல்வாய். நாளை ஃபஜ்ருக்குப் பிறகு. நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நாளை மாலை நான் ஊரைவிட்டுக் கிளம்புவதற்குள் நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன். இதை உனக்குத் தெரியாமல் செய்ய மாட்டேன். அதனால்தான் இப்போதே சொல்கிறேன்."

அவன் கோபப்பட்டான். என்னைச் சீட்டு வாங்கி அழைத்துச் சென்றதற்கு நான் செய்யும் கைம்மாறா இது என்று கேட்டான். அந்த இரவு அவன் என்னோடு பேசவில்லை. நானும் சரியாக உறங்கவில்லை. ஆனால் ஃபஜ்ருக்கு எழுந்து வந்தான். தொழுகை முடிந்ததும், தன் வாப்பாவின் முன்னே முழங்கால் மடித்து அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னான்.

மச்சான் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவர் பேசியது நாங்கள் எதிர்பாராதது. ஒவ்வொரு மார்ச் மாதமும் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டிகளின்போது, அலுவலக நண்பர்களோடு ஆளுக்குப் பத்து டாலர் போட்டு, சரியாகக் கணித்தவர் எடுத்துக்கொள்ளும் வழக்கத்தில் தாமும் சேர்ந்துவந்ததாகச் சொன்னார். "எல்லோரும் செய்கிறார்கள், பத்து டாலர்தானே என்று இருந்துவிட்டேன். நீ அதைப் பார்த்துத்தான் வளர்ந்திருக்கிறாய்" என்றார். தந்தையும் மகனும் சேர்ந்தே தவ்பாச் செய்தார்கள். கடனை மகன் தன் பகுதிநேர வேலையில் மாதாமாதம் அடைக்க வேண்டும் என்றும், கைப்பேசிக் கட்டணமும் வங்கிக் கணக்கும் ஓராண்டுக்குத் தந்தையின் பார்வையில் இருக்க வேண்டும் என்றும் முடிவானது. இப்போது கடன் அடைந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். மருமகன் இந்தக் கட்டுரையைப் படித்து, வெளியிடச் சம்மதித்த பிறகே இதை அனுப்புகிறேன்.

சிலர் கேட்கக்கூடும்: இது திறமை விளையாட்டுதானே, சூதாட்டம் ஆகுமா? நம் நாட்டு நீதிமன்றங்களிலும் திறமையா, அதிர்ஷ்டமா என்ற வாதம் பல ஆண்டுகள் நடந்தது. மார்க்கச் சட்டத்தின் அளவுகோல் வேறு. பலரும் பணம் வைத்து, ஒருவர் இழப்பதையே மற்றொருவர் ஆதாயமாகப் பெறும் அமைப்பு இருக்கிறதா என்பதையே ஃபிக்ஹு பார்க்கிறது. அம்பெய்தல், குதிரை, ஒட்டகப் பந்தயங்களில் பரிசுக்கு விதிவிலக்குகள் உண்டு. அவை போட்டியிடுபவரின் உழைப்பையும் பயிற்சியையும் ஊக்குவிப்பதற்கானவை. வெளியே அமர்ந்து, எங்கோ ஓடும் ஒருவரின் மேல் பணம் வைப்பவருக்கு அந்த விதிவிலக்கில் இடமில்லை. சூரா அல்பகராவின் 219ஆம் வசனம் மதுவிலும் சூதாட்டத்திலும் சில பயன்கள் உண்டென்பதை மறுக்கவில்லை. பயனைவிடப் பாவமே பெரிதென்று எடைபோட்டுக் காட்டுகிறது. சூரா அல்மாஇதாவின் 90, 91ஆம் வசனங்கள் அவற்றை முற்றிலும் விலக்கிவிட்டு, பகையையும் இறைநினைவின் மறதியையும் அவற்றின் விளைவுகளாகக் கூறுகின்றன.

அந்த நாட்டின் அனுபவமும் இதையே சொல்கிறது. சூதாட்டத்தின் கேட்டை அறிந்து, தாங்கள் ஆடும் ஆட்டத்தில் பந்தயம் கட்டும் வீரருக்கு நிரந்தர விலக்கு என்ற விதியை ஒவ்வோர் அணியின் உடைமாற்றும் அறையிலும் எழுதி ஒட்டிவைத்திருக்கிறார்கள். 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பழைய தடைச்சட்டத்தை நீக்கிய பிறகு, 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் விளையாட்டுப் பந்தயம் சட்டப்படி நடக்கிறது. அறைக்குள்ளே தடை, அரங்கின் சுவரில் விளம்பரம். 2024இல் டுகுபிடா மர்கானோ என்ற இளம் வீரர் தம் அணியின் ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டியதற்காக வாழ்நாள் விலக்குப் பெற்றார். உலகப் புகழ்பெற்ற ஷோஹேய் ஒடானியின் மொழிபெயர்ப்பாளராகவும் நண்பராகவும் இருந்தவர், பந்தயக் கடனுக்காக அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் டாலரைத் திருடிச் சிறை சென்றார். அமானிதத்தை அழிப்பதில் சூதாட்டத்துக்கு நிகர் வேறில்லை. நான் ஊர் திரும்பிய பின், நவம்பரில், ஒரு பந்தை எப்படி வீசுவது என்பதைச் சூதாடிகளுக்கு முன்கூட்டியே சொன்னதாக இரு பந்தெறி வீரர்கள் மீது குற்றம் சாட்டப்பட்டது. அவர்கள் அதை மறுத்தார்கள். அதைத் தொடர்ந்து, ஒற்றைப் பந்தின் மீதான பந்தயத்துக்கு 200 டாலர் என வரம்பு விதித்தார்கள். என் மருமகனின் விரல் தொட்டுக்கொண்டிருந்தது அந்த வகைப் பந்தயத்தைத்தான். அவன் இழந்தது முழுவதும் அந்த வரம்புக்குள் அடங்கும் சிறு தொகைகளாகவே போனது.

நம் நாட்டில், தமிழ்நாடு அரசு 2022இல் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசும் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் பெயர் பொறித்திருந்த நிறுவனமே பணப் போட்டிகளை நிறுத்தியது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் சட்டம் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று நாம் இருந்துவிட முடியாது. இல்லினாயிலும் 21 வயது என்ற சட்டம் இருந்தது. நண்பனின் கணக்கு அதைத் தாண்டிவிட்டது. சட்டம் கடையை மூடலாம். வீட்டுக்குள் உண்மையைப் பேசும் வழியை வீட்டார்தாம் திறக்க வேண்டும்.

ஆகவே பெற்றோர்களிடம் சில வேண்டுகோள்கள். பிள்ளைகள் தொழுகிறார்கள், ஓதுகிறார்கள் என்பதால் இந்த நோய் அவர்களை அண்டாது என்று எண்ணாதீர்கள். ஆட்டம் பார்க்கும்போது ஆட்டத்தைப் பார்க்காமல் கைப்பேசியைப் பார்க்கும் பிள்ளையைக் கவனியுங்கள். பத்து ரூபாய்ப் பந்தயத்தையும் பெரியவர்கள் விளையாட்டுக்காகக்கூடச் செய்யாதீர்கள். பிள்ளை வந்து உண்மையைச் சொன்னால், முதல் வார்த்தை வசையாக இருக்க வேண்டாம். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் கடன் செயலிகளின் வாசலில் போய் நிற்கிறார்கள். விடமுடியாமல் தவிப்பவர்களுக்கு மருத்துவ ஆலோசனையும் தேவைப்படும். அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம். அதில் வெட்கத்துக்கு இடமில்லை.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒன்று. பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் வழங்கும் பள்ளிவாசல்கள், திருந்தி வந்த இளைஞர்களையும் தகுந்த பொறுப்பாளரோடு அந்த ஏற்பாட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பயானில் சூதாட்டம் ஹராம் என்று சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடாது. அது அவர்களுக்கும் தெரியும். மீண்டு வர எந்தக் கதவைத் தட்டுவது என்பதுதான் தெரியவில்லை.

என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு இறுதியாக ஒன்று. நம்மிடம் வந்து அழும் பிள்ளையின் இரகசியம் நம்மிடம் ஓர் அமானிதம். அதைத் தெருவில் பரப்புவது துரோகம். அவன் உறவினரின் உரிமை அழியும்போது அதைப் பூட்டிவைப்பதும் துரோகமே. இரண்டுக்கும் இடையே ஒரு வழி உண்டு: அவனையே பேசவைப்பது, பேசும்போது பக்கத்தில் அமர்ந்திருப்பது. ஆறு ஆண்டுகளுக்கு முன் அதை நான் செய்யத் தவறினேன். அந்தத் தந்தையின் வீட்டுக்கு, ஊர் திரும்பிய வாரமே சென்றேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை உட்காரச் சொல்லித் தேநீர் தந்தார். மன்னித்தேன் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. மகன் கேரளத்தில் ஒரு கடையில் வேலை செய்வதாகவும், கடந்த பெருநாளுக்குத் தொலைபேசியில் பேசியதாகவும் மட்டும் சொன்னார்.

வல்ல ரஹ்மான் அந்தப் பிள்ளையை அவன் பெற்றோரிடம் நலமாகத் திருப்பித் தருவானாக. நம் இல்லங்களை ஹராமான பொருளிலிருந்து காப்பானாக. பேச வேண்டிய நேரத்தில் பேசும் துணிவையும், மறைக்க வேண்டியதை மறைக்கும் கண்ணியத்தையும் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.